முஅல்லிமும் மாலுமியும்



சென்னையிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் சில வாரங்களாக என் மேசைமீது கிடக்கிறது. பத்தாம் வகுப்பில் பயிலும் தம் மகனுக்கு மூன்று நூல்கள் வேண்டும் என்கிறார். மார்க்கத்தில் பிடிப்பை உண்டாக்கும் நூல் ஒன்று, படிப்பில் அக்கறையை ஏற்படுத்தும் நூல் ஒன்று. மூன்றாவது, பாய்மரப் படகுப் பந்தயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டுமாம். விடுமுறை நாள்களில் படகுப் பயிற்சிக்குச் செல்லும் அப்பிள்ளைக்கு வீட்டில் வேறு பேச்சே இல்லையாம். “முதலிரண்டும் என் ஆசைக்கு, மூன்றாவது அவன் ஆசைக்கு” என்று எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் அடியில், பொடி எழுத்தில், இன்னொரு செய்தி. காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டையைத் தம்மிடம் காட்டாமல், தம் கையொப்பத்தைப் பிள்ளையே இட்டுப் பள்ளியில் கொடுத்துவிட்டானாம். வளைகுடாவில் பணிபுரியும் அவன் வாப்பாவுக்கு இதை இன்னும் தெரிவிக்கவில்லையாம். அச்சகோதரி என்னிடம் கேட்க வந்தது இதுதான் என்று எனக்குப் படுகிறது. புத்தகப் பட்டியல் ஒரு முகாந்திரமே.

அவர் மூன்று என்று பிரித்ததை ஒரே சொல் சேர்த்து வைத்திருக்கிறது. மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பவரை முஅல்லிம் என்கிறோம். அரபுக் கடலோடிகளோ கப்பலுக்கு வழிகாட்டுபவரை முஅல்லிம் என்றழைத்தார்கள். தமிழில் நாம் வழங்கும் மாலுமி என்ற சொல்லும் அதிலிருந்து வந்ததே. பிள்ளைக்கு எழுத்தைக் காட்டுபவருக்கும், இருளில் நட்சத்திரத்தைப் பார்த்துத் திசை சொல்பவருக்கும் ஒரே பெயர். இருவரையும் நம்பித்தான் மற்றவர்கள் ஏறி அமர்கிறார்கள்.

நல்ல நூலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வாசகர்கள் பலர் கேட்பதுண்டு. அட்டையின் பின்புறத்து வாசகங்களை நம்ப வேண்டாம். நான் கையாளும் வழி எளியது. நடுவில் எங்கேனும் புரட்டி, ஆசிரியர் தமக்குப் பாதகமான எதையாவது எழுதியிருக்கிறாரா என்று தேடுவேன். விளையாட்டு நூல்களில் பெரும்பாலானவை வெற்றிக் கோப்பைகளின் வரிசை. கல்வியைப் பற்றியவை முதல் மதிப்பெண் பெறும் வழிகள். மார்க்க நூல்களிலும் பல, எழுதியவர் ஒருநாளும் தடுமாறியதே இல்லை என்ற தோரணையில் அமைந்துள்ளன. இவ்வாறு சொல்லும் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்னொரு முறை இப்பகுதியில் ஒரு நூலை, முன்னுரையை மட்டும் படித்துவிட்டுப் பரிந்துரைத்தேன். அதை வாங்கி ஏமாந்த வாசகர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

பந்தயத்திலிருந்தே தொடங்குகிறேன், பிள்ளையின் ஆசை முந்தட்டும். 1968-ஆம் ஆண்டு லண்டன் ‘சண்டே டைம்ஸ்’ பத்திரிகை, எங்கும் நிற்காமல் தன்னந்தனியே உலகைச் சுற்றிவரும் பாய்மரப் படகுப் பந்தயம் ஒன்றை அறிவித்தது. முதலில் திரும்புபவருக்குத் தங்கக் கோளம், மிகக் குறைந்த நாள்களில் சுற்றி வருபவருக்கு 5,000 பவுன். புறப்பட்டவர்கள் ஒன்பது பேர், முடித்தவர் ஒருவர். அவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 312 நாள்கள் கடலில் இருந்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் துறைமுகம் திரும்பினார். அவருடைய ‘சுஹைலி’ என்ற படகு நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது. இப்பயணத்தை அவர் ‘எ வேர்ல்ட் ஆஃப் மை ஓன்’ என்ற நூலாக எழுதினார். படகு தானாகத் திசை பிடித்துச் செல்ல உதவும் கருவி வழியில் பழுதானதும், வானொலி ஊமையாகிப் பல மாதங்கள் அவர் உயிரோடு இருப்பதே உலகுக்குத் தெரியாமற் போனதும் அதில் உண்டு. பிள்ளை ஓர் இரவில் படித்துவிடுவான்.

ஆனால் அச்சகோதரிக்கு நான் சொல்ல விரும்புவது, அதே பந்தயத்தில் கலந்துகொண்ட டொனால்ட் குரோஹர்ஸ்ட் என்பவரைப் பற்றிய நூல். நிக்கலஸ் டோமலின், ரான் ஹால் என்ற இரு பத்திரிகையாளர்கள் 1970-இல் வெளியிட்டது. குரோஹர்ஸ்ட் ஒரு மின்னணுப் பொறியாளர். தொழில் நொடித்த நிலையில், பந்தயத்தை நிறைவேற்றாவிட்டால் படகுக்கான பணத்தைத் தாமே தரவேண்டும் என்ற உடன்படிக்கையில் கையொப்பமிட்டுப் புறப்பட்டார். படகோ ஒழுகத் தொடங்கிற்று. தென்பெருங்கடலுக்குள் போனால் சாவு, ஊர் திரும்பினால் கடன். அவர் மூன்றாவதாக ஒரு வழியைத் தேர்ந்தார். அட்லாண்டிக் கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகை வலம்வருவதாகப் பொய்யான செய்திகளை அனுப்பினார்.

பிள்ளை இங்கே நின்று கவனிக்கட்டும். மெய்யான கணக்கெழுத, சூரியனையும் நட்சத்திரங்களையும் அளந்து தன் இடத்தைக் கணித்தால் போதும். பொய்யான இடத்தைக் குறிப்பதற்கோ, அங்கிருந்து பார்த்தால் சூரியன் எந்த உயரத்தில் தெரியும் என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். நேர்மையான கணக்கைவிட அது கடினம். அவ்வளவு திறமையும் அம்மனிதரிடம் இருந்தது!

கடைசியாகத் திரும்பினால் குறிப்பேட்டை யாரும் துருவமாட்டார்கள் என்பது அவருடைய எண்ணம். ஆனால் குரோஹர்ஸ்ட் தம்மை நெருங்குகிறார் என்று நம்பிய நைஜல் டெட்லி, ஏற்கெனவே நைந்திருந்த தம் படகை விரட்டி ஓட்டினார். 1969 மே மாதம் அது உடைந்து மூழ்கியது. டெட்லி உயிர் தப்பினார். பொய் சொன்னவர் ஒருவர், படகை இழந்தவர் மற்றொருவர். இப்போது விரைவுக்கான பரிசு குரோஹர்ஸ்ட்டை நோக்கி வந்தது. சோதனையும் கூடவே வந்தது. ஜூலை 10 அன்று அவருடைய படகு ஆளில்லாமல் மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. அவர் கடலில் குதித்து உயிரை மாய்த்துக்கொண்டார் என்பதே நூலாசிரியர்களின் முடிவு. உண்மையைக் காட்டும் குறிப்பேடுகளை அவர் அழிக்காமல் படகிலேயே வைத்துச் சென்றிருந்தார்.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுனை குரோஹர்ஸ்ட்டின் மனைவி மக்களுக்கே கொடுத்துவிட்டார். (அதே பெயரில் 2022-இல் மீண்டும் நடந்த பந்தயத்தில் நம் நாட்டின் அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்ததைப் பிள்ளை தாயாருக்குச் சொல்லியிருப்பான்.)

கல்விக்கு ‘லெட்டர் டு எ டீச்சர்’. இத்தாலியில், ஃபிளாரன்சுக்கு அப்பாலுள்ள பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்தில், லோரன்சோ மிலானி என்ற கத்தோலிக்கப் பாதிரியார் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளிகளில் தோற்கடிக்கப்பட்டு வந்தவர்கள் அங்கே படித்தனர். அவர்களில் எட்டுச் சிறுவர்கள் கூடி எழுதி 1967-இல் வெளியிட்ட நூல் இது. தோன்றியதைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, அடுக்கி, வேண்டாத சொற்களை நீக்கிச் செப்பனிட்டார்கள். பள்ளியின் பதிவேடு தேறியவர்களைக் காட்டும். இடையில் காணாமற் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் யாருடைய பிள்ளைகள் என்று இச்சிறுவர்கள் எண்ணிக் காட்டினார்கள். இதைப் பிள்ளைக்கு முன் தாயார் படிப்பது நல்லது. குறைந்த மதிப்பெண்ணைக் காட்ட ஒரு பிள்ளை ஏன் அஞ்சுகிறான் என்பது அதில் கிடைக்கும்.

மார்க்கத்திற்கு இமாம் கஸ்ஸாலி அவர்களின் ‘அல்-முன்கித்’. பக்தாதின் நிஜாமிய்யா கல்லூரியில் முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொன்ன பெருமகனார், தாம் கற்பித்தது அல்லாஹ்வுக்காக அன்று, பேருக்கும் புகழுக்குமே என்று தம்மைப் பற்றித் தாமே எழுதுகிறார். 1095-இல் வகுப்பில் பேச முடியாமல் நா அடைத்துப்போனதையும் மறைக்கவில்லை. மக்காவுக்குப் போவதாக வெளியில் சொல்லிவிட்டு, ஷாமுக்குப் பயணமாக ஏற்பாடு செய்ததைக்கூடக் குறிப்பிடுகிறார். ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் என்று உலகம் போற்றும் ஒருவர் இதை எழுதாமலே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சிறிய நூல்தான். ஆயினும் நடுவிலுள்ள தத்துவப் பகுதிகள் பதினைந்து வயதுக்குக் கடினம். தொடக்கத்தையும், பக்தாதை விட்டுப் புறப்படும் பகுதியையும் தாயும் மகனும் சேர்ந்து படிக்கலாம்.

படகு நூல்கள் இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளவை. பழைய புத்தகக் கடைகளில் சொல்லி வைத்தால் கிடைக்கக் கூடும். குரோஹர்ஸ்ட்டின் முடிவு கனமானது. ஆகவே பிள்ளையிடம் தனியே கொடுத்துவிடாமல் தாயாரும் உடன் படிக்க வேண்டும்.

அந்தக் கையொப்பத்தைப் பொறுத்தவரை, சகோதரியே, வாப்பாவிடம் நீங்கள் சொல்லும் முன் பிள்ளையே தொலைபேசியில் சொல்ல ஒரு வாய்ப்புக் கொடுங்கள். அடுத்த மதிப்பெண் அட்டை வருவதற்குள் அது நடக்கட்டும். அவன் பேசும்போது நீங்கள் அருகில் இருங்கள். இடையில் பேச வேண்டாம்.

வஸ்ஸலாம்.