எவன் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறோம்?

இயக்கத்தின் பேச்சு முழுக்க இன்று கைபேசிக்குள் நடக்கிறது. ஆர்ப்பாட்ட அறிவிப்பு, வன்கொடுமை வழக்கின் முதல் தகவல் அறிக்கை, நூல் விமர்சனக் கூட்டம், தோழர்களுக்குள் சண்டை, சமாதானம், எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். அந்தக் குழு யாருடையது என்று கேட்டால், 'நம்முடையதுதான் தோழர், நான்தானே அட்மின்' என்கிறார்கள். அட்மினாம்! வீடு அவனுது, திண்ணை அவனுது, சாவி அவனுது. உட்கார்ந்திருக்கிற ஆள் மட்டும்தான் நாம.

2018 மார்ச் 20இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பல்லைப் பிடுங்கியது உச்ச நீதிமன்றம். அதை எதிர்த்து ஏப்ரல் 2இல் தலித்துகள் நடத்திய பாரத் பந்தின்போது பஞ்சாபிலும், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசத்தின் பல பகுதிகளிலும் இணையத்தை அறுத்தார்கள். அந்தப் போராட்டம்தான் அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றத்தைச் சட்டத் திருத்தம் கொண்டுவர வைத்தது என்பது வேறு கதை. மே மாதம் தூத்துக்குடியில் 13 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களிலும் இணையம் நின்றது. 2021 அக்டோபர் 4 அன்று அரசாங்கம்கூடத் தேவைப்படவில்லை. பேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்பு வேலையில் ஒரு தவறான கட்டளை. உலகம் முழுக்க வாட்ஸ்அப் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டது.

எங்கள் வாசகர் வட்டத்தின் படிப்பகத்தில் ஒரு பழைய கணினி ஓடுகிறது. நினைவகம் 512 எம்.பி.தான், திரைகூடக் கிடையாது. அதில் லினக்ஸ், அதன்மேல் என்.ஜி.ஐ.ஆர்.சி.டி. என்கிற சின்ன இலவச மென்பொருள். பக்கத்தில் ஒரு சாதாரண வைஃபை ரவுட்டர். இணைய இணைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வருகிற மாணவர்கள் தங்கள் கைபேசியை அந்த வைஃபையில் சேர்த்துக்கொண்டு அரட்டை அறைக்குள் வருவார்கள். எழுந்து நின்று கேள்வி கேட்கக் கூசுகிற பிள்ளைகள் அதில் எழுதிக் கேட்கிறார்கள். ஒரு வார்த்தைகூட அந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை.

இந்த ஐ.ஆர்.சி. முறையை 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்க்கரினேன் உருவாக்கினார். 1993இல் அதன் விதிகள் எழுத்தில் வந்தன. அந்த விதியில் ஒரு வேடிக்கை. ஆங்கில எழுத்து தவிர சில அடைப்புக்குறிகளையும் பெயரில் வைத்துக்கொள்ளலாம். சதுர அடைப்புக்குறியைப் பெரிய எழுத்தாகவும் நெளி அடைப்புக்குறியை அதன் சின்ன எழுத்தாகவும் கொள்ள வேண்டும். ஏன்? அவர்கள் ஊர் விசைப்பலகையில் அந்த இடத்தில் அவர்கள் மொழியின் எழுத்துகள் இருந்தன. கட்டினவன் தன் எழுத்துக்கு இடம் விட்டுக் கட்டினான். தமிழில் பெயர் வைக்க அந்த விதியில் இடமில்லை. ஒரு செய்திக்கு 512 பைட்டு வரம்பு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு. தமிழில் 'க' என்றாலே மூன்று, 'கோ' என்றால் ஆறு. நீளமாகத் தமிழில் எழுதினால் சில செயலிகள் தாமாகவே துண்டாக்கி அனுப்பும், மற்றவற்றில் வாக்கியம் வாலறுந்து போகும். அவன் சதி செய்தான் என்று சொல்ல வரவில்லை. கட்டும்போது அங்கே இல்லாதவனுக்கு அளவு எடுக்கப்படுவதில்லை, அவ்வளவுதான். நாம் கட்டுகிற இடத்தில் இருக்கணும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பழுது வரும். வரத்தான் செய்யும். 'சர்வர் போச்சு' என்று கையைப் பிசைவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நம்மாட்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தது தலைவிதி. கணினி சொல்லிக்கொடுப்பது காரணம். வரிசையாகக் கேட்டுப் பாருங்கள். மென்பொருள் ஓடுகிறதா? 6667ஆம் எண் வாசலில் காது கொடுத்திருக்கிறதா? எந்த முகவரியில்? 127.0.0.1 என்று இருந்தால் அது தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கிறது, அடுத்தவன் குரல் விழாது. போன வாரம் 192.168.1.10 ஆக இருந்த முகவரி இந்த வாரம் மாறியிருந்தால், அது ரவுட்டர் செய்த வேலை. அந்த எண்ணை இந்தக் கணினிக்கே ஒதுக்கி வைக்க வேண்டும். ஒரே வைஃபையில் இருந்தும் ஒருவரை ஒருவர் தொட முடியவில்லையா? ரவுட்டரில் 'தனிமைப்படுத்தல்' அமைப்பு போட்டிருப்பார்கள். கருவிக்குக் கருவி தீண்டாமை! அதை எடுத்துவிடணும். கைபேசி வேறொரு தந்திரம் செய்யும். வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணைத்தால் திரும்பி வரும்.

இன்னொன்று. உள்ளே வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது என்று பிள்ளைகள் சொல்வார்கள். காரணம் இது: வருகிறவரின் முகவரிக்குப் பெயர் என்ன, அந்தக் கருவியில் இருப்பது யார் என்று சர்வர் வெளியே விசாரிக்கிறது. பதில் சொல்ல அந்த வலையில் ஆள் இல்லை. கெடு முடிகிற வரை வாசலில் நிற்க வைக்கிறது. எந்த ஊரு, எந்தத் தெரு, யார் வீட்டுப் புள்ள? இந்தக் கேள்வி நமக்குப் புதுசா? அமைப்புக் கோப்பில் டி.என்.எஸ்., ஐடென்ட் இரண்டையும் அணைத்தால் கதவு உடனே திறக்கும்.

ஆனால் பழுது பார்க்கத் தெரிந்தவன் ஒருத்தன்தான் என்றால், அவன் பூசாரி ஆகிவிடுகிறான். அறிவைப் பூட்டி வைத்தே ஆண்ட கூட்டத்தை எதிர்க்கிற இடத்தில் நமக்குள் ஒரு கருவறை எதற்கு? ஐ.ஆர்.சி.யில் புதிதாக ஓர் அறை திறந்தால் முதலில் நுழைகிறவர் பெயருக்கு முன்னால் '@' குறி வந்து உட்கார்ந்துகொள்ளும். யாரையும் வெளியேற்றலாம், வாயடைக்கலாம். முந்தி வந்தவனுக்கு முதல் மரியாதை. அதை மாற்றி வைக்க முடியும், வைக்கணும். நான் வேலை பார்ப்பது வங்கியில். அங்கே பெட்டகத்தை ஒற்றை ஆள் திறக்க முடியாது. இரண்டு பேர் கையில் இரண்டு சாவி. கூட்டுப் பணத்துக்கே இவ்வளவு காவல் என்றால், கூட்டுப் பேச்சின் கடவுச்சொல் ஒருத்தன் தலைக்குள் மட்டும் இருக்கலாமா? 2021இல் ஃப்ரீநோட் என்ற பெரிய ஐ.ஆர்.சி. வலையின் கட்டுப்பாடு தனியொருவர் கைக்குப் போனதும், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் வெளியேறி மே 19இல் லிபெரா சாட் தொடங்கினார்கள். வேலை தெரிந்தவர்கள் பலராக இருந்ததால் உடனே வேறு வீடு கட்ட முடிந்தது.

தோழர்கள் கேட்பார்கள்: 'இது தனிக்கிணறு இல்லையா? பொதுக்கிணற்றில் உரிமை கேட்க வேண்டியவன் தனியா தோண்டிக்கிட்டா ஊர்க்காரனுக்கு வசதிதானே?' நியாயமான கேள்வி. அவன் நம்மைத் தள்ளிவைக்கத் தோண்டித் தருவது ஒன்று. நாமே நமக்குத் தோண்டுவது வேறு. 1893இல் ரெட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழையும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழையும் தொடங்கினார்கள். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' கொண்டுவந்தபோது, காசு கொடுத்தும் அதன் விளம்பரத்தைப் போட மறுத்தது கேசரி. சொந்த இதழ் நடத்திய அதே அம்பேத்கர்தான் 1927இல் மகத்தில் பொதுக்குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீர் அள்ளினார். இரண்டும் சேர்ந்ததுதான் நம் மரபு. வாட்ஸ்அப்பை விட்டு ஓடச் சொல்லவில்லை. அங்கேயும் சத்தம் போடுவோம்.

இதை மந்திரப் பெட்டி என்று யாரும் நினைக்க வேண்டாம். வைஃபை எட்டுகிற தூரம்தான் இதன் ஊர். இணையம் அறுந்தால் அடுத்த ஊர்த் தோழருக்கு இது கேட்காது. 6667 வாசலில் போகிற பேச்சை அதே வலையில் இருக்கிற இன்னொருவர் ஒட்டுக்கேட்க முடியும். மறையாக்கத்தோடு 6697இல் போகணும். அதற்குச் சான்றிதழ் உருவாக்கும்போது கணினியின் தேதி சரியாக இருக்கணும். பழைய மதர்போர்டின் பேட்டரி செத்து, தேதி பின்னால் போயிருந்தால், அப்போது உருவாக்கும் சான்றிதழைக் கைபேசி காலாவதியானது என்று தள்ளிவிடலாம். வராத நாள் பேச்சை இந்த சர்வர் எடுத்து வைத்துத் தராது.

இருந்தாலும் படிப்பகம் வைத்திருக்கிற ஒவ்வொரு ஊரிலும், மாணவர் விடுதியிலும் இது ஒன்று இருக்கணும் என்கிறேன். மாநாடு வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஒரு பழைய கணினியைத் தேடுங்கள். அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் மூன்று பேராவது இருக்கட்டும். அதில் ஒருத்தராவது பெண்ணாக இருக்கட்டும். பழுதான நாளையும் காரணத்தையும் சரிசெய்த விதத்தையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதி, பூட்டில்லாத அலமாரியில் வையுங்கள்.