கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தோம்

எங்கள் பள்ளியில், பிள்ளைகள் மனக்குறையை எழுதிப்போடும் 'மாணவர் மனசு' பெட்டியைத் தலைமையாசிரியர் அறைக்கும் ஸ்டாஃப் ரூமுக்கும் நடுவிலுள்ள சுவரில் மாட்டினோம். ஆணி அடிக்க அந்த இடம் தோதாக இருந்தது, சாரலும் படாது. அங்கே ஒரு பிள்ளை போய் நின்றால் அத்தனை ஆசிரியர் கண்ணிலும் படும் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

முதல் மாதமே ஒரு சீட்டு விழுந்தது. கோடு போட்ட நோட்டில் கிழித்த கால் பக்கம். எட்டாக மடித்து மடித்து, விரல் வியர்வையில் மை கலங்கியிருந்தது. "கணக்கு சார் என்ன மட்டும் எந்திரிச்சு நிக்கச் சொல்லி மார்க்கப் படிக்கிறாரு. ஸ்கூலுக்கு வரவே புடிக்கல" என்று இரண்டே வரி. பெயர் இல்லை.

மதிய இடைவேளையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து அதைப் படித்தோம். திருத்துவதற்காக வந்திருந்த ஒன்பதாம் வகுப்பு நோட்டுகள் மேசையில் அடுக்கியிருந்தன. யார் முதலில் எடுத்தது என்று இப்போது சொல்லிப் பயனில்லை. மூன்று பேரும்தான் புரட்டினோம். 'க'வின் வளைவையும் 'டு'வின் கொக்கியையும் வைத்து ஒப்பிட்டோம். 'பி' செக்‌ஷன், கடைசிக்கு முந்தைய பெஞ்ச். மணி அடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அவனை யாரும் அடிக்கவில்லை. கூப்பிட்டு, "என்னப்பா, சார் மேலயே பெட்டிஷனா?" என்று கேட்டோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். போகச் சொன்னோம், போனான். அந்த ஆண்டு முழுக்கப் பெட்டியில் வேறு சீட்டு விழவேயில்லை. புகார் ஏதும் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அந்தக் கையெழுத்துகளில் என்னுடையதும் இருக்கிறது.

இத்தனை நாள் கழித்து இதை எழுதவைத்தது பீகாரில் நடந்த ஓர் ஆய்வு. நாளந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகள் 74இல் 'செஹர்' என்ற பெயரில் ஒரு நலவாழ்வுத் திட்டத்தைச் செய்து பார்த்தார்கள். கோவாவைச் சேர்ந்த சங்கத் அமைப்பும், மனநல மருத்துவர் விக்ரம் படேலும் இதில் இருந்தார்கள். முதலாண்டு முடிவுகள் 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தன. மருந்து மாத்திரை எதுவும் இல்லை. மனதில் இருப்பதை எழுதிப்போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, போட்டிகள், மாணவர் குழுக்கள், பள்ளிக்கு ஒரு நலக்குழு, தனியாகப் பேச விரும்பும் பிள்ளைக்குக் கொஞ்ச நேரம். இவ்வளவுதான் திட்டம். சில பள்ளிகளில் இதை நடத்த வெளியிலிருந்து ஒருவரைப் பயிற்சி கொடுத்து அமர்த்தினார்கள். அவர் மருத்துவரும் இல்லை, உளவியல் படித்தவரும் இல்லை. வேறு சில பள்ளிகளில் அங்கேயே வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து அதே வேலையை ஒப்படைத்தார்கள். மீதிப் பள்ளிகளில் இரண்டும் இல்லை.

வெளியாள் நடத்திய பள்ளிகளில் பிள்ளைகளின் மனச்சோர்வு குறைந்தது. ஒருவரை ஒருவர் சீண்டுவதும் அடிதடியும் குறைந்தன. பள்ளி தங்களுக்கான இடம் என்ற எண்ணம் கூடியது. இரண்டாம் ஆண்டில் அந்த மாற்றம் இன்னும் பெரிதானது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில், இரண்டும் இல்லாத பள்ளிகளைவிடச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு வித்தியாசமும் இல்லை.

அந்த வரியைப் படித்ததும் பத்திரிகையை மூடி வைத்துவிட்டேன். நாளந்தா ஆசிரியர்கள் எங்களைவிட மோசமானவர்களாக இருக்க வழியில்லை. அவர்களுக்கும் போர்ஷன் முடிக்கும் அவசரம் இருந்திருக்கும். எங்களுக்கு எமிஸ் இணையதளப் பதிவு, தேர்தல் வேலை, கணக்கெடுப்பு, ரிசல்ட் கூட்டம் என்று வரிசையாக இருக்கிறது. இதெல்லாம் உண்மை. ஆனால் அன்று மதியம் நோட்டுகளைப் புரட்ட எங்களுக்கு நேரம் இருந்தது. அதே முக்கால் மணியில் அவனைத் தனியே அழைத்து "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம். நேரமில்லை என்ற காரணம் அந்த இடத்தில் நிற்கவில்லை. மார்க்கும் எங்களிடம், டி.சி.யும் எங்களிடம், நன்னடத்தைச் சான்றிதழும் எங்களிடம். இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டு, "மனசுல இருக்கிறதச் சொல்லு" என்றால் எந்தப் பிள்ளை சொல்லும்? சொன்ன ஒருவனையும் நாங்கள் துப்புத் துலக்கிப் பிடித்தோம்.

பிள்ளைகளின் நலம் என்றால் ஆண்டுக்கு ஒருமுறை வேனில் வரும் மருத்துவக் குழுவின் வேலை என்றே இருந்துவிட்டோம். வரிசையில் நிறுத்துவோம், கண்ணையும் பல்லையும் எடையையும் பார்ப்பார்கள், கார்டில் எழுதுவார்கள், முடிந்தது. 1986இல் ஒட்டாவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய மாநாடு, மனிதர்கள் அன்றாடம் படித்து, உழைத்து, விளையாடும் இடங்களில்தான் நலம் உருவாகிறது என்று சொல்லி ஒரு தலைமுறை கடந்துவிட்டது. பள்ளி அந்த இடங்களில் முதலாவது. எங்கள் காதில் அது ஏறவில்லை.

வாராவாரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். நீல மாத்திரை. பதிவேட்டில் டிக் அடித்தோம். ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொன்னதில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று யாராவது சொன்னால், சாப்பிட்ட பிறகு போடச் சொல்லும் அளவுக்குக்கூடக் காதுகொடுத்ததில்லை. பத்தாம் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே குரோட்டன்ஸ் செடியடியில் மழை பெய்த மறுநாள் மண் நீலமாகக் கரைந்து கிடந்ததைப் பார்த்தோம். பெருக்கச் சொன்னோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 54 சதவீதத்திலிருந்து 59 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள் என்று வந்தபோது அரசைக் குறை சொன்னோம். ஒவ்வொரு பள்ளியிலும் கொஞ்சம் மண் இப்படி நீலமாகியிருந்தால் அந்த எண்ணிக்கையில் எங்களுக்கும் பங்குண்டு.

விளையாட்டு வகுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பி.இ.டி. சாரிடம் "இன்னைக்கு ஒரு நாள்" என்று கேட்டு வாங்கி ஆண்டு முழுக்க வைத்துக்கொள்வோம். 146 நாடுகளின் தகவலை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் போதிய அளவு ஓடியாடுவதில்லை என்றது. பெண் பிள்ளைகளில் அது 85. செல்போனைத் திட்டினோம். மைதானத்துக் கேட்டைப் பூட்டியது செல்போன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒருமுறை கல்லூரியிலிருந்து சிலர் வளரிளம் பருவத்தினர் மனநலம் பற்றிக் கேள்வித்தாள் கொண்டுவந்தார்கள். 'கடந்த மாதம் பள்ளியில் யாராவது உன்னை அடித்தார்களா, கேலி செய்தார்களா' என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் நிரப்பும்போது பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தோம். "ஸ்கூல் பேரைக் கெடுத்துறாதீங்கப்பா" என்றோம். மிரட்டும் குரலில் சொல்லவில்லை, வழக்கமான குரலில்தான் சொன்னோம். ஒரு பெண் டிக்கை அடித்துவிட்டு ரப்பரால் அழித்ததை நான் பார்த்தேன். அந்தத் தாள்கள் எங்கே போயின, எந்த அட்டவணையில் சேர்ந்தன, தெரியாது. பொய்யான பதில்களை ஆய்வுக்குக் கொடுத்தனுப்பியதில் எங்களுக்கு அன்று உறுத்தல் இருக்கவில்லை. பிள்ளைகளை அடிப்பதும் மனம் நோகச் செய்வதும் கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தைப் படித்திருந்தோம்.

செஹர் ஆய்வில் அந்த வெளியாளுக்கு 'மித்ரா' என்று பெயர் வைத்திருந்தார்கள். நண்பர். எங்கள் பள்ளியில் அப்படி ஒருவர் சம்பளமோ பயிற்சியோ பெயரோ இல்லாமல் முதலிலிருந்தே இருந்தார் என்பது பிறகுதான் புரிந்தது. சத்துணவுக்கூடத்து ஆயாம்மா. எந்தப் பெண் காலையில் சாப்பிடாமல் வருகிறாள், யார் முட்டையைத் தட்டில் தொடாமல் எடுத்துவைத்துத் தம்பிக்குக் கொண்டுபோகிறான், யார் வீட்டில் நேற்று இரவு சண்டை, எல்லாம் அவருக்குத் தெரியும். பாத்திரம் கழுவும் இடத்தில் பிள்ளைகள் அவரிடம் நின்று நின்று பேசிக்கொண்டிருப்பதைத் தினமும் பார்த்தோம். "பெல் அடிச்சாச்சு, போங்கடா" என்று விரட்டினோம். எங்கள் கூட்டம் ஒன்றுக்குக்கூட அவரை அழைத்ததில்லை. ஓரிரு முறை வந்தபோதும் டீ கொடுக்கத்தான் வந்தார்.

போன மாதம் அவரிடம் போய் உட்கார்ந்தேன். அந்தப் பையன் படிப்பை முடித்துப் போய் மூன்று வருஷமாகிறது. ஞாபகம் இருக்குமா என்ற சந்தேகத்தோடுதான் கேட்டேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"ஞாபகம் இல்லாம என்ன சார்? அன்னைக்கு அவன் சாப்பிட வரல. மறுநாளும் வரல. ஸ்டாஃப் ரூமைத் தாண்டித்தான வரிசை வரும், அந்த வழியா வரமாட்டேன்னுட்டான். அப்புறம் நான்தான் பின்பக்கக் கதவைத் தொறந்துவிட்டேன். அந்த வருசம் முடியுற வரைக்கும் அந்தப் பக்கமாத்தான் வந்து சாப்பிட்டுப் போனான்."