பாவும் ஊடையும் போல

'சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்' என்பது பழமொழி. மேடைதோறும் முழங்கும் இப்பழமொழியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஓர் ஐயம் எழுவதுண்டு. சுவரைக் காப்பது ஒரு துறை. சித்திரம் எழுதுவது மற்றொரு துறை. இவ்விரு துறையினரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா?

எங்கள் ஊர் அம்மையார்குப்பம். தமிழகத்தின் வட எல்லையில், திருத்தணி வட்டாரத்தில் உள்ள நெசவாளர் ஊர். ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி நம் மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு. எங்கள் தெருக்களில் இல்லை. ஒரு வீட்டில் தமிழ் ஒலித்தால் அடுத்த வீட்டில் தெலுங்கு ஒலிக்கும். இரண்டையும் மிஞ்சி ஒலிப்பது தறியின் ஓசை.

நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது கரும்பலகை எனக்குத் தெரியாது. உயரமானவன் என்று கடைசி வரிசையில் அமர்த்தியிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவனைப் பார்த்து எழுதுவேன். அவனுக்கும் என்னைப் போலவே பார்வைக் குறை. இருவருமாகச் சேர்ந்து தவறாகவே எழுதுவோம்! 'மந்தம்' என்ற பட்டத்தையும் இருவரும் சேர்ந்தே பெற்றோம்.

ஒரு நாள் கண் பரிசோதனை நடந்தது. எங்கள் இருவர் கையிலும் ஆளுக்கொரு சீட்டைக் கொடுத்து, மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அப்பாவிடம் நீட்டினேன். "பாவு முடியட்டும்டா, போகலாம்" என்றார். அந்தப் பாவு முடிந்தது. அடுத்த பாவு ஏறியது. ஒரு நாள் தறி நின்றால் அன்றைய கூலி இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீட்டு குடும்ப அட்டையோடு சேர்ந்து ஓராண்டு உறங்கியது.

மறு ஆண்டு, தங்கைக்குத் தடுப்பூசி போடுவது பற்றிச் சொல்ல கிராம சுகாதாரச் செவிலியர் எங்கள் தெருவுக்கு வந்தார். அவ்வழியே சென்ற எங்கள் ஆசிரியை அவரைக் கண்டு, "இந்த வீட்டுப் பையனுக்குக் கண் தெரியவில்லை, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். வாசலில் நின்றே இருவரும் அப்பாவிடம் பேசினர். அந்தச் சனிக்கிழமையே புறப்பட்டோம். கண்ணாடி போட்ட அன்று, தெருமுனையில் திரும்பிய பேருந்தின் பெயர்ப்பலகையைத் தொலைவிலிருந்தே எழுத்துக் கூட்டாமல் படித்தேன்.

என் நண்பனின் வீடு அடுத்த தெருவில். செவிலியரும் ஆசிரியையும் அங்கே சந்திக்கவில்லை. பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. இன்று விசைத்தறியில் வேலை செய்கிறான். நானோ கல்லூரி மலருக்குக் கட்டுரை எழுதுகிறேன். எங்கள் இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு அறிவில் இல்லை. ஒரு வாசலில் நிகழ்ந்த தற்செயலான சந்திப்பில்தான் இருக்கிறது. ஒரு பிள்ளையின் எதிர்காலம் தற்செயலை நம்பி இருக்கலாமா?

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளின் கண் பரிசோதனையையும் மேற்கொண்டது. பயிற்சி பெற்ற ஆசிரியரே 6 மீட்டர் தொலைவில் அட்டையைக் காட்டி முதற்சோதனை செய்யலாம். 2013இல் வந்த தேசிய சிறார் நலத்திட்டத்தின்படி, மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒருமுறை அரசுப் பள்ளிக்கு வந்து 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. 2015 முதல் குடற்புழு நீக்க நாளில் மாத்திரையை வகுப்பறையிலேயே தருகிறார்கள். 2020இல் மத்திய சுகாதார அமைச்சகமும் அன்றைய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் கைகோத்து, பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நல்வாழ்வுத் தூதர்களாக ஆக்கும் திட்டத்தைத் தொடங்கின.

இவற்றுள் முழு வெற்றி பெறுபவை எவை? பள்ளிக்குள்ளேயே தொடங்கிப் பள்ளிக்குள்ளேயே முடிபவை. மாத்திரை வகுப்பறையில் வாய்க்குள் போகிறது, வேலை முடிந்தது. உணவும் அப்படியே. 1920இல் சென்னை ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கிய மதிய உணவை, 1956இல் காமராசர் மாநிலமெங்கும் பரப்பினார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 2022இல் காலை உணவும் வந்தது. ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது விரிந்ததும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில்தான், 2024 ஜூலையில். மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்க, பள்ளியில் பிள்ளைகள் உண்கிறார்கள். பல துறைகள் கூடினால் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பள்ளி வாசலைத் தாண்ட வேண்டிய உதவிதான் நடுவழியில் நின்றுவிடுகிறது. சீட்டு கொடுத்ததோடு மருத்துவத் துறையின் கடமை தீர்ந்தது. பிள்ளையின் கையில் சேர்த்ததோடு கல்வித் துறையின் கடமை தீர்ந்தது. அதற்குப் பின் அந்தச் சீட்டுக்குச் சொந்தக்காரர் யாருமில்லை!

என் கருத்து இதுதான். யாருக்குச் சீட்டு கொடுக்கப்பட்டது, யார் மருத்துவமனைக்குப் போனார், யார் போகவில்லை என்று ஒரே பதிவேடு இருக்கட்டும். ஆசிரியரும் செவிலியரும் மாதம் ஒருமுறை அமர்ந்து அதைப் பார்க்கட்டும். பெற்றோர் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நிலுவை எத்தனை என்று பேசட்டும். பெயர் சொல்லி யாரையும் நாணச் செய்ய வேண்டாம். போகாத பிள்ளைகளை ஒரு விடுமுறை நாளில் ஒரே வண்டியில் அழைத்துச் செல்லட்டும். பத்துத் தறிகள் நிற்பதற்குப் பதில் ஒரு தறி நின்றால் போதுமே!

ஆசிரியருக்கு ஏற்கெனவே பதிவேடுகள் அதிகம் என்பார்கள், உண்மை. ஆகவேதான் நம்மைப் போன்றோர் தோள் கொடுக்க வேண்டும். 1969இல் காந்தியடிகள் நூற்றாண்டில் பிறந்தது நாட்டு நலப்பணித் திட்டம். முகாமில் செடி நடும் நாம், ஆளுக்கு ஐந்து வீட்டுக் கதவைத் தட்டி, "சீட்டு எங்கே அம்மா?" என்று கேட்க முடியாதா? தெலுங்கு பேசும் வீட்டில் தெலுங்கிலேயே கேட்க நம்மில் பலர் இருக்கிறோமே!

பாவு எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஊடை ஓடாவிட்டால் அது வெறும் நூல்தான். இரண்டும் கூடினால்தான் சேலை. இதை எங்கள் ஊர்ச் சிறுவனும் அறிவான். கல்வியும் மருத்துவமும் அவ்வாறு கூடும் நாளில், இன்னொரு கடைசி வரிசைப் பையன் பள்ளியை விட்டுப் போகமாட்டான்.