தூரத்துக் குரலும் பக்கத்துத் துணையும்

பத்தாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு மூன்று மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் தாத்தா அவனை முந்திக்கொண்டு போய்விடுகிறார். பல வீடுகளில் இது வேடிக்கைப் பேச்சாக இருக்கிறது. உண்மையில் இது கவலைப்பட வேண்டிய விஷயம்.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிஷமாவது, இதயம் வேகமாகத் துடிக்கும்படி உடலுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. ஆனால் 2016-ஆம் ஆண்டு நிலவரப்படி, 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 81 பேர் இந்த அளவை எட்டவில்லை என்று அந்த ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2019-ல் கணக்குக் காட்டினார்கள். பையன்களில் 78 பேர். பெண்களில் 85 பேர். எலும்பும் தசையும் உறுதிப்பட வேண்டிய பருவத்தை இப்படி உட்கார்ந்தே கழித்துவிட்டால், நாற்பது வயதில் மருந்துக் கடையில் அதை வாங்க முடியுமா?

இதற்குப் பரிகாரமாக, தூரத்திலிருந்தே தேகப்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் முறை பரவியிருக்கிறது. ஆசிரியர் ஓர் ஊரில், மாணவன் வேறோர் ஊரில். நடுவே ஒரு கைபேசி. இது அடியோடு புதிய ஏற்பாடு அல்ல. பெங்களூர் கே. வி. ஐயர் 1930-களிலேயே தபால் மூலம் தேகப்பயிற்சி கற்பித்தவர். 2020 மார்ச்சில் கொரோனாவினால் பிரிட்டனில் பள்ளிகள் மூடப்பட்டபோது, ஜோ விக்ஸ் என்ற பயிற்சியாளர் தம் வீட்டு அறையில் நின்று யூடியூப் வழியே பிள்ளைகளுக்குப் பயிற்சி நடத்தினார். இரண்டாம் நாளே ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட திரைகளில் ஒரே சமயத்தில் அது ஓடியது!

பணம் வேண்டாம், மைதானம் வேண்டாம், சாதனம் வேண்டாம். முக்கியமாக, வயதுக்கு வந்தபின் 'தெருவில் என்ன ஓட்டம்?' என்று தடுக்கப்படும் பெண் பிள்ளைக்கு, வீட்டுக் கூடத்திலேயே ஒரு வழி திறக்கிறது. இதை அற்பமாகத் தள்ளிவிடுவது நியாயமல்ல.

ஆனால் குதிப்பது எப்படி என்று காட்டும் திரைக்கு, குதிக்க வைக்கும் சக்தி இல்லை. முதல் வாரம் புதுப்பாயும் புதுச் சட்டையுமாக உற்சாகம். மூன்றாம் வாரம் ஆசிரியர் கையைத் தூக்குகிறார். பையன் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்க்கிறான். முழங்கால் தவறாக மடிந்தாலும், பதிவு செய்த படத்திலிருக்கும் ஆசிரியர் திருத்த முடியாது.

இந்தக் குறைக்கு ஜப்பானியர் நெடுநாள் முன்பே ஒரு வழி கண்டார்கள். அங்கே ரேடியோத் தேகப்பயிற்சி 1928-ல் ஆரம்பமாயிற்று. யுத்தத்துக்குப் பின் சில காலம் நின்றுபோய், 1951-ல் புது உருவில் திரும்ப வந்தது. இன்றும் காலை ஆறரை மணிக்குப் பியானோ ஒலியோடு அந்தக் குரல் கேட்கிறது. கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் பக்கத்துப் பூங்காவில் கூடிப் பயிற்சி செய்வதும், வந்த நாளுக்கு அடையாளமாக அட்டையில் முத்திரை வாங்குவதும் அங்கே பழகிப்போன வழக்கம். குரல் தூரத்திலிருந்து வருகிறது; 'நேற்று ஏன் வரவில்லை?' என்று கேட்பவர் பக்கத்தில் நிற்கிறார். சூட்சுமம் இதில்தான் இருக்கிறது.

ஆகவே, பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்து 'போய்ப் பயிற்சி செய்' என்று சொல்லிவிட்டு, அப்பா தொலைக்காட்சி முன் சாய்ந்துகொண்டால் பயன் இல்லை. அப்பாவோ அம்மாவோ அக்காவோ கூடச் சேர்ந்து இருபது நிமிஷம் குனிந்து நிமிரட்டும். அடுத்த வீட்டுத் தோழி இருவரைக் கூட்டிக்கொண்டாலும் சரி. நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். திரையின் மறுபுறம் இருக்கும் ஆசிரியர் பிள்ளையின் பெயரையும் பலவீனத்தையும் அறிந்தவராக இருந்தால் இன்னும் உத்தமம்.

பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சை நெருங்கினால் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்ப்பது பழைய பழக்கம். 'அதுதான் வீட்டில் வீடியோ பார்த்துச் செய்கிறார்களே' என்ற புதுச் சாக்கும் அதனுடன் சேர்ந்துகொண்டால், பிள்ளைகளுக்கு மைதானமும் போய்விடும், பயிற்சியும் போய்விடும். தூரத்துப் பயிற்சி, மழை நாளுக்கும் விடுமுறைக்கும், வெளியே போக வழியில்லாத பிள்ளைக்கும் உதவும் குடை. குடை கிடைத்துவிட்டது என்பதற்காகக் கூரையைப் பிரித்துவிடுவார் உண்டா?