படகு நின்ற நாள்

இங்கிலாந்தின் கால்வாய்களில் 'நாரோ போட்' எனப்படும் ஒடுங்கிய படகுகளையே வீடாகக் கொண்டு வாழ்வோர் இன்றும் உளர். படகின் அகலம் ஏறத்தாழ 7 அடி; நீளம் 70 அடி வரை இருக்கும். படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகளுக்கு 'லாக்' என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட லாக்குகள் பல, அவ்வளவே அகலமாதலால் படகும் ஒடுங்கிற்று. பெரும்பாலான கால்வாய்களில் மணிக்கு 4 மைலுக்கு மேல் செல்லலாகாது. கரையில் சற்று விரைந்து நடக்கும் பாட்டியம்மாள் படகை முந்திவிடக் கூடும்!

இத்தகைய படகில் ஓர் அமைதியான நாளை எண்ணினாலே நமக்கு ஆசை பிறக்கிறது. கயிற்றைக் கரையில் கட்டியாயிற்று. சிறு இரும்பு அடுப்பில் நிலக்கரி கனிகிறது. சன்னலருகே வாத்துகள் நீந்துகின்றன. இது சோம்பேறிகளின் வாழ்வு என்று சிலர் கருதலாம். நாம் அதை ஏற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைத் தாமே நிரப்ப வேண்டும். சாம்பலையும் கழிவையும் தாமே அகற்ற வேண்டும். படகு நிறுத்த நிலையான இடம் இல்லாதவர்கள், 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுவாக 14 நாட்களுக்கு மேல் ஓரிடத்தில் தங்க முடியாது.

ஆயினும் இவர்கள் இவ்வாழ்வை விரும்பித் தேர்ந்தவர்கள். முன்னாளில் அப்படியன்று. இரயிலின் போட்டியால் வருமானம் குறையவே, கரையில் வீடு வைத்துக்கொள்ள இயலாத குடும்பங்கள் படகில் குடியேறின. நடுவில் முழுவதும் சரக்கு. பின்புறம் 10 அடி நீளங்கூட இல்லாத ஓர் அறையில் தாய், தந்தை, பிள்ளைகள் அனைவரும். அதற்குள்ளும் பித்தளையைத் துலக்கி, ரோஜாப் பூக்களையும் கோட்டைகளையும் தீட்டிய தண்ணீர்க் கலங்களை அழகுற வைத்திருந்தனர் அத்தாய்மார்! கொண்டுபோய்ச் சேர்க்கும் சரக்குக்குத்தான் கூலி. மனைவிக்கும் மக்களுக்கும் தனிச் சம்பளம் இல்லை. படகு நின்றால் அடுப்பும் நின்றுவிடுமே என்ற அச்சம். 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தன. எஞ்சியிருந்த சரக்குத் தொழிலில் பெரும்பகுதி அதன்பின் மீளவேயில்லை. அந்த அமைதியை யார் விரும்புவார்?

நம் வயதுச் சிறுமியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரையை நடத்துவதும், லாக்கின் கனத்த கதவை முதுகு கொடுத்துத் தள்ளுவதும், சுக்கான் பிடிப்பதும் அவர்கள் வேலை. அதில் அவர்களுக்கு இருந்த திறமை நம்மில் எவருக்கும் இல்லை. ஆனால் எழுத்து? சிறுவயதில் செங்கற்சூளையில் உழைத்தவரான ஜார்ஜ் ஸ்மித் என்பவர் விடாது போராடியதன் பயனாக, படகுகளைப் பதிவு செய்யவும் படகுக் குழந்தைகளின் கல்வியைக் கவனிக்கவும் 1877-இல் சட்டம் வந்தது. சட்டம் வந்தும், நாளுக்கோர் ஊரில் இருக்கும் பிள்ளையை எந்தப் பள்ளி எப்படிப் படிக்க வைக்கும்? பெற்றோரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. சிறுமியின் இரு கைகள் இல்லாமல் படகு நகராது.

இதில் ஒன்றை நாம் மறக்க முடியவில்லை. சரக்குக்காகப் படகு துறையில் காத்து நின்ற நாளில் தந்தைக்குக் கூலி இல்லை. மகளுக்கோ அன்றுதான் பள்ளி. லண்டனை அடுத்த பிரென்ட்ஃபோர்டு துறையருகே 1904-இல் படகோட்டிகளுக்கென ஒரு நிலையம் கட்டி, அதில் அவர்தம் பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்தினார்கள். சரக்கு ஏறியதும் படகு புறப்பட்டுவிடும். பாடம் எந்த வரியில் நின்றதோ, அடுத்த முறை படகு வரும்வரை அங்கேயே நிற்கும்.