இளம் வாசகர் சொல்லட்டும்

வெள்ளவத்தைக்கும் பாமன்கடைக்கும் இடையே ஓடும் டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை ஒரு நாவலாசிரியரின் பெயரைத் தாங்கியது. சிங்கள மக்கள் விரும்பி வாசித்த கதைகளைப் படைத்தவர் அவர். அத்தெருவில் மாலைதோறும் புத்தகப் பைகளைச் சுமந்து தனியார் வகுப்புகளுக்கு விரையும் நம் பிள்ளைகளைக் காணுந்தோறும் என்னுள் ஒரு வினா எழுவதுண்டு. பை நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால், ‘நீ வாசித்த கதை உனக்குப் பிடித்ததா, இல்லையா?’ என்று இப்பிள்ளைகளை எவரேனும் கேட்டிருப்பரா?

பிறரைக் குறை கூறுதற்கு எனக்கு உரிமையில்லை. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நானும் அவ்வினாவைக் கேட்டவனல்லன். ‘இக்கதை புகட்டும் படிப்பினை யாது?’, ‘ஆசிரியர் கையாண்ட உவமைகள் இரண்டினைத் தருக’ என்பனவே என் வாயிலிருந்து வந்த வினாக்கள். அவற்றுக்கு மாணாக்கர் எழுதிய விடைகள் ஒரே அச்சில் வார்த்தவை போன்றிருக்கும். அந்த அச்சினைச் செய்து கொடுத்தவனும் நானே. ஓய்வு பெற்ற பின்னர் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவமே என் கண்ணைத் திறந்தது.

சனிக்கிழமை மாலைகளில் அயல்வீட்டுப் பிள்ளைகள் அறுவர் எழுவர் பாமன்கடையில் உள்ள என் வீட்டு விறாந்தையில் கூடுவதுண்டு. பன்னிரண்டுக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயதினர். மாதம் ஒரு நூலை வாசித்து அதுபற்றிக் கதைப்பது எங்கள் ஏற்பாடு. ஒரு மாதம் மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 ஆம் ஆண்டில் எழுதிய ‘மடொல் தூவ’ என்னும் சிங்கள நாவலைத் தமிழில் வாசித்தோம். இளம் பருவத்தார்க்கென இந்நாட்டில் எழுந்த நூல்களுள் தலையாயது அது. உபாலி என்னும் சிறுவன் தன் தோழன் ஜின்னாவுடன் வீட்டை விட்டு ஓடி, கண்டற்காடு மண்டிய ஒரு தீவை அடைந்து, அதனைப் பண்படுத்தி வாழும் கதை. 1976 இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதனைத் திரைப்படமாக்கினார்.

எல்லோரும் புகழ்ந்தனர். பதினான்கு வயதுப் பையன் ஒருவன் மாத்திரம், “எனக்குப் பிடிக்கேல்லை, சேர்” என்றான். காரணம் கேட்டேன். “வீட்டை விட்டு ஓடுறது ஒரு விளையாட்டா, சேர்? எங்கட அம்மம்மா ஓடினதை இப்பவும் சொல்லி அழுகிறா” என்றான்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தனரன்றோ! அக்கூட்டத்தில் நடந்தவர் அவனுடைய அம்மம்மா. கையிற் பிடித்து வந்த குழந்தை அவனுடைய அம்மா. இதனை நான் பின்னரே அறிந்தேன். அன்று அறியேன். அறியாதவன் கேட்டிருக்க வேண்டும். நானோ, “தம்பி, நூலைப் பற்றிப் பேசு, வீட்டுக் கதையை இதற்குள் கொண்டு வராதே. இது சாகசக் கதை. அவ்வாறே இதனைச் சுவைக்க வேண்டும்” என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். அவன் வாய் மூடியது. அடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

சிந்தித்துப் பார்க்குங்கால், அன்று அவ்விறாந்தையில் உண்மையாக வாசித்தவன் அவன் ஒருவனே என்று தோன்றுகின்றது. ஏனையோர் நான் விரும்பும் விடையை எனக்குத் தந்தனர். அவனோ நூலைத் தன் வாழ்வின் அருகே வைத்து நோக்கினான். ஓடிப்போதல் ஒருவனுக்கு விடுதலையாகவும் மற்றொருவனுக்கு இழப்பாகவும் இருப்பது ஏன் என்னும் வினா இலக்கிய விமர்சனத்தின் மெய்யான வினாவாகும். அதனைப் பதினான்கு வயதில் எழுப்பிய ஒருவனை நான் அடக்கினேன்.

வாசகரின் குரலுக்கு நம் இலக்கியத்தில் இடமில்லாமற் போகவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து முடிந்தபோது, பாத்திரங்கள் பின்னர் என்னவாயினர் என்று வாசகர் கேட்ட கேள்விகளுக்கு விடையிறுக்கக் கல்கி ஒரு முடிவுரையே எழுத நேர்ந்தது. வாசகரை அவர் மதித்தமைக்கு அது சான்று. ஈழத்திலோ, பேராசிரியர் கைலாசபதி தினகரன் ஆசிரியராக இருந்த காலமும் 1960களின் மரபுப் போராட்டமும் விமர்சனத்தை மக்கள் மன்றத்துக்குக் கொணர்ந்தன. ஆயினும் அவை பெரியோர் விவாதங்கள். பிள்ளைகள் கேட்டிருக்கலாம்; பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. நம்மிடம் குழந்தைகளுக்குச் சோமசுந்தரப் புலவரின் பாடல்கள் உண்டு. வளர்ந்தோர்க்கு நாவல்கள் உண்டு. இடைப்பட்ட பருவத்தாரோ பெரியோர் நூல்களையே எடுத்து வாசிக்கின்றனர். 1973 இல் வெளிவந்த செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ இளைஞர்க்கென எழுதப்பட்டதன்று. எனினும் அதனைப் பள்ளிப் பருவத்திலேயே வாசித்தவர் எங்கள் தலைமுறையிற் பலர். அமெரிக்காவிலோ 1967 இல் எஸ். ஈ. ஹின்டன் என்னும் பெண், பதினைந்து வயதில் எழுதத் தொடங்கிய ‘தி அவுட்சைடர்ஸ்’ என்னும் நாவலை வெளியிட்டாள். தன் வயதினரின் வாழ்வைப் பேசும் நூல் இல்லையே என்ற குறையே அதனை எழுதத் தூண்டிற்று. இளம் பருவத்தார் இலக்கியம் அங்கு ஒரு தனித் துறையாக வளர்ந்ததற்கு அந்நூலும் ஒரு காரணம். தன் குறையைச் சொல்ல விடப்பட்ட வாசகி எழுத்தாளரானாள் என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

‘முதிராத பிள்ளைகளின் அபிப்பிராயத்துக்கு மதிப்பு ஏது? பிடித்தது, பிடிக்கவில்லை என்று சொல்வது இரசனையாகுமா?’ என்று ஆசிரிய அன்பர்கள் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. பிடிக்கவில்லை என்பது விமர்சனத்தின் முடிவன்று, தொடக்கம். தொடக்கமே இல்லாதவன் எங்ஙனம் முடிவை அடைவான்? ‘எந்தப் பக்கத்தில் உனக்குப் பிடிக்காமற் போயிற்று?’ என்று ஆசிரியர் அடுத்து வினவ வேண்டும். அப்போது மாணவன் நூலைத் திரும்பப் புரட்டுவான். அவ்வாறு திரும்பப் புரட்டுதலே கல்வி. உவமையும் அணியும் அதன்பின் தாமாக வந்து சேரும்.

இது வெறும் ஊகமன்று. மூன்றாம் வாரம் அப்பையனின் வீட்டுக்குச் சென்று என் பிழையைச் சொன்னேன். நான்காம் வாரம் அவன் வந்தான். மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலும் அதனைச் சொல்லி, “எந்த இடம் வாசிக்கக் கஷ்டமாக இருந்தது?” என்று கேட்டேன். அவன் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே சென்றவன், இடையில் நின்று, “ஆனால் சேர், காடு வெட்டித் தோட்டம் செய்யிற இடம் நல்லா இருக்கு. எங்கட அம்மப்பாவும் போன இடத்தில அப்பிடித்தான் செய்தவராம்” என்றான். ஒரு மாதத்துக்கு முன் நான் கேட்டிருந்தால் அன்றே அவ்விடத்தை அடைந்திருப்பான்.

அதனைக் கண்ட துணிவினாற் போலும், ஒரு சிறுமியும் வாய் திறந்தாள். “பூங்குழலி தனியாகக் கடலில படகு விடுகிறா. எல்லாரும் அவவின்ர காதலைப் பற்றியே கேக்கினம். படகைப் பற்றி ஏன் ஒருத்தரும் கேக்கிறதில்லை?” என்றாள். நாற்பது ஆண்டுகளாக அந்நூலை அறிந்த எனக்கு விடை தெரியவில்லை.

சாதாரண தரப் பரீட்சையில் ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ ஒரு பாடம். அதற்குப் புள்ளி வேண்டும். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் பாடவேளைகளுள் வாரம் ஒன்றேனும் புள்ளியில்லாத வேளையாக இருத்தல் கூடாதா? நம் வாசிகசாலைகளில் இளைஞர் நூல் அடுக்கின் அருகே ஒரு கொப்பி வைத்து, வாசித்தவர் தம் கருத்தை எழுதிச் செல்ல விடலாகாதா? பத்திரிகைகளின் மாணவர் பகுதியில் அவர்களின் நூற்கருத்துகளை, பெரியோர் கை திருத்தாமல், பிழைகளுடனேயே வெளியிடலாகாதா? 1942 இல் தோன்றி வெள்ளவத்தையில் நூலகத்துடன் விளங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம், பதினாறு வயதுக்குட்பட்டோர் மாத்திரம் பேசும் நூல் அரங்கொன்றை நடத்துமாயின், பின்வரிசையில் அமர்ந்து கேட்பதற்கு முதலாளாய் வருவேன்.

இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. பெரியோராகிய நாம் சற்றே வாய் மூடியிருத்தல் வேண்டும். என் அனுபவத்தில் அதுவே எல்லாவற்றினும் கடினமானது.