முடியாது என்றாவது சொல்லுங்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் விளையாடும் பிள்ளையின் பெற்றோரிடம் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுகிறார்கள். கிளப் கோச், கேம்ப் நடத்துபவர், வீடியோ தொகுத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பித் தருகிறேன் என்று ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பவர், யாரிடம் போனாலும் "உங்க பொண்ணுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு" என்ற பதில்தான். இந்த அணிக்கு இவளுடைய நீச்சல் நேரம் போதாது என்று வாய்திறந்து சொல்ல இத்தனை பேரில் ஒருவர்கூட இல்லையே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

என் மகள் பட்டர்ஃபிளை நீந்துகிறவள். ஒன்பதாம் வகுப்பிலேயே ஒரு கல்லூரியிலிருந்து அவள் பெயர் போட்டு மின்னஞ்சல் வந்தது. உன் முன்னேற்றத்தைக் கவனித்து வருகிறோம், கோடைக்கால கேம்புக்கு வா என்று. ஊரில் இருக்கும் பாட்டிவரை செய்தி போய்விட்டது, பேத்தியைக் காலேஜிலேயே கூப்பிட்டுவிட்டார்கள் என்று. கேம்ப் கட்டணம், விமானம், ஹோட்டல் எல்லாம் ஆன பிறகுதான் விதி தெரிய வருகிறது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் 1 கோச்சுகள், பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை அணியில் சேர்ப்பது பற்றி மாணவரிடம் பேசவோ எழுதவோ கூடாது. கேம்ப் விளம்பரமும் விவரப் படிவமும் மட்டும் அனுப்பலாம். அந்த கேம்பும் எல்லோருக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்பது கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. ஆக, வந்தது அழைப்பல்ல, விளம்பரம். கேம்ப் விளம்பரம் அனுப்புவதில் விதிப்படி குற்றமில்லை. ஆனால் பதினான்கு வயதுப் பெண் அதை அச்செடுத்துத் தன் அறைச் சுவரில் ஒட்டிவைக்கிறாள், அதற்கு யார் பொறுப்பு?

ஸ்காலர்ஷிப் பேச்சு இன்னொரு பக்கம். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பார்ப்பவர்கள் எல்லோரும், "நல்லா நீந்துறாளே, காலேஜ் ஃப்ரீயா ஆயிடும்ல?" என்கிறார்கள். ஆகாதுங்க. உயர்நிலைப் பள்ளியில் விளையாடுகிறவர்களில் ஏறக்குறைய 2 சதவீதம் பேருக்குத்தான் கல்லூரியில் விளையாட்டு உதவித்தொகை என்று என்.சி.ஏ.ஏ.வே சொல்கிறது. அதிலும் பலருக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான். அண்மைக்காலம்வரை டிவிஷன் 1 நீச்சலில் ஆண்கள் அணிக்கு 9.9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14. அதையும் அணி முழுக்கப் பங்குபோட்டார்கள். ஐவி லீக்கிலும் டிவிஷன் 3 கல்லூரிகளிலும் விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூடக் கிடையாது.

போதாததற்கு 2025 ஜூனில், என்.சி.ஏ.ஏ. மீதான வழக்கில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் தந்த உடன்பாடு ஆட்டத்தையே மாற்றிவிட்டது. அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் இருந்த வரம்பு போய், அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்று வரம்பு வந்தது. நீச்சலுக்கு 30 பேர். முப்பது பேருக்கும் முழுத்தொகை கொடுக்கத் தடையில்லை என்று கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அதே உடன்பாட்டின்படி ஒரு கல்லூரி தன் விளையாட்டு வீரர்களுக்கு முதல் ஆண்டில் சுமார் 2 கோடி டாலர்வரை நேரடியாகப் பணமும் கொடுக்கலாம். அதில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போன பிறகு நீச்சல் குளத்துக்கு என்ன மிஞ்சும்? ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அணியில் இருந்தால் போதும் என்று ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளின் இடம்தான் முதலில் பறிபோனது. இருக்கிற இடத்துக்கும் இப்போது ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரியிலிருந்து வரும் இருபது வயதுக்காரர்களோடு பதினேழு வயதுப் பிள்ளை மோத வேண்டும். இதையெல்லாம் பள்ளியில் யாராவது உட்காரவைத்துச் சொல்கிறார்களா? நூற்றுக்கணக்கான மாணவர்களைப் பார்த்துக்கொள்ளும் கவுன்சிலருக்கு, என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 அடிப்படைப் பாடங்களைச் சரிபார்க்கவே நேரம் போதவில்லை.

பணம் கொடுக்காமலே தெரிந்துகொள்ளக்கூடியவை நிறைய இருக்கின்றன, அவற்றை ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்றுதான் புரியவில்லை. கல்லூரி கலந்துகொள்ளும் கான்ஃபரன்ஸ் போட்டியில் இறுதிச் சுற்றுக்குப் போனவர்களின் நேரங்கள் இணையத்தில் திறந்தே கிடக்கின்றன. பிள்ளையின் நேரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். கோச்சுக்குப் பிள்ளைதான் எழுத வேண்டும், அப்பாவோ அம்மாவோ அல்ல. ஜூன் 15 தாண்டியதும் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: என் நீச்சல் பிரிவுக்கு இந்த வருடம் எத்தனை பேரை எடுக்கிறீர்கள், உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது, அட்மிஷன் அலுவலகத்தில் எனக்காகப் பேசுவீர்களா. வாய்மொழி ஆஃபர் இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது என்பதும் நினைவிருக்கட்டும். டிவிஷன் 3 என்றதும் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எம்.ஐ.டி.யும் சிகாகோ பல்கலைக்கழகமும் எமரியும் அந்த டிவிஷன்தான்! நான்கு வருடம் நீந்திக்கொண்டே நன்றாகப் படிக்கவும் அங்கே வழி இருக்கிறது.

கோச்சுகள் ஏன் தெளிவாகச் சொல்வதில்லை என்பது தெரியாததல்ல. பட்டியலில் மேலே இருப்பவர் வேறெங்கோ போய்விட்டால் அடுத்தவர் கைவசம் வேண்டும். அதனால் "தொடர்பில் இரு", "அடுத்த மீட்டைப் பார்க்கிறோம்" என்று இழுக்கிறார்கள். அவர்களுடைய வேலை அது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இழுத்தடிப்பின் விலையைக் கொடுப்பது பிள்ளைதான். பல கல்லூரிகளில் ஏர்லி டெசிஷன் கெடு நவம்பர் 1. அதில் ஒரே ஒரு கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும், இடம் கிடைத்தால் அங்கேதான் சேர வேண்டும். அக்டோபர் கடைசிவரை நம்பவைத்துவிட்டு, பிறகு போனையே எடுக்காமல் விட்டால், அந்தப் பிள்ளையை மனமார விரும்பி அழைத்த இன்னொரு கோச்சின் இடம் அதற்குள் நிரம்பிவிடுகிறது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. இரண்டு வரியில் ஒரு மின்னஞ்சல், எங்கள் பட்டியல் முடிந்துவிட்டது, உன் நேரத்துக்கு நன்றி என்று. செப்டம்பரிலேயே அதை அனுப்பியிருக்கலாம். ஒருநாள் அழுதிருப்பாள், மறுநாள் அந்த இன்னொரு கோச்சுக்குப் பதில் எழுதியிருப்பாள்.